நூற்று நான்காவது நுரை

கல்லாத்துப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோல் தூக்கிப்போடும் சுலைகாவின் வலது தோளில், பதினோரு வருடத்துக்கு முன் செத்துப்போன, அவளைப் பெற்ற அத்தாவின் கை, ஒரு திங்கட்கிழமை காலை அவள் குளித்து முடித்தபோது தெரிந்தது. ரோஜா இதழை நிழலில் வைத்துப் பார்த்தால் இருக்கும் நிறத்தில், ரேகை ரேகையாக, நாலரை விரலோடு தெரிந்தது. சதை சீவும் மிஷினுக்கு அத்தா கொடுத்துவிட்டு வந்த அரை விரலின் இடம் காலியாகவே இருந்ததால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சுலைகா கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று வேலைக்கு ஓடினாள், ஓடுகிற வழியில் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று, "அத்தா கை என் தோள்மேல வந்துகீது, சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் குளித்தது சோப்பில் இல்லை. ஷாப்பின் கெமிஸ்ட் பெர்சிஸ் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்த, பார்க்கக் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கிற ஒன்றில். சுண்ணாம்பில் வெடித்து வெடித்துப் போன சுலைகாவின் கைகளைப் பார்த்துவிட்டு, "இத போட்டுப் பாரு, எரியாது" என்று கொடுத்திருந்தாள். எரியவில்லை. வெடிப்பு ஆறியது. அத்தாவின் கையும் வந்தது.

பெர்சிஸுக்குத் தோல் தெரியும். மயிர் நீக்கி, சுண்ணாம்பில் ஊறி, பதமேறி வருகிற செத்த ஆட்டின் தோல் அப்படியே விட்டால் பலகைபோல விறைத்துவிடும் என்பதால் அதற்கு எண்ணெய் ஊட்டி, நாரும் நாரும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி மெத்தென்று ஆக்குவது அவள் வேலை. அந்த வேலையில் அவளுக்கு நிகரான கெமிஸ்ட் பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று ஷாப்பில் சொல்வார்கள். ஆனால் அவள் வயிற்றில் பிறந்த ஒரு தோலை ஒன்பது வருடத்துக்குமேல் அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் மகள் நேசமலர் பிறந்த அன்று, நர்ஸ் எல்லாக் குழந்தையையும் துடைப்பதுபோலத் துடைத்தாள், துண்டோடு தொடையின் தோல் பாலாடை மாதிரி வந்துவிட்டது. இது ஆயிரத்தில் லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது, தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் பிடித்து வைக்கிற ஆணி இந்தக் குழந்தைக்கு இல்லை, உரசினால் கொப்புளம், கொப்புளம் உடைந்தால் புண், புண்ணில் அழுக்குச் சேர்ந்தால் ஆபத்து, தூக்குவதானால் துணியோடு தூக்குங்கள், தொடுவதானால் கையுறையோடு தொடுங்கள், முடிந்தால் தொடாதீர்கள் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். பெர்சிஸ் அதை வேதவாக்கியம்போல எடுத்துக்கொண்டாள். ஒன்பது வருடம் குழந்தையைப் பருத்தித் துணியோடு தூக்கினாள், இடுக்கியால் பஞ்சு வைத்தாள், வாயால் கொஞ்சினாள், வெறும் கையால் ஒருநாளும் தொடவில்லை. தன் கையில் கிருமி ஏறக்கூடாதென்று மற்றவர்களையும் தொடுவதை விட்டாள். கணவன் தவசீலன் சோற்றுத்தட்டை நீட்டினால்கூட மேஜையில் வைக்கச் சொல்லி அப்புறம்தான் எடுத்துக்கொள்வாள். எந்தப் பொருளின் மேலும் விரல் வைக்காதே, யார்மேலும் சாயாதே என்று குழந்தைக்கும் பழக்கினாள். படிக்கச் சொல்லிக் கொடுத்தாள், எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் பென்சில் பிடித்தால் விரல் உரிந்துவிடும்.

குளிப்பாட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைச் சோப்பு எதுவும் ஆகவில்லை. சோப்பு என்பது காரம், தோல் என்பது லேசான புளிப்பு; அழுக்கு எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருப்பதால் சோப்பு எண்ணெயைப் பிடித்து இழுக்கிறது, ஆனால் எந்த எண்ணெய் அழுக்கோடது எந்த எண்ணெய் தோலோடது என்று அதற்குத் தெரியாமல், செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே காரை இருப்பதுபோலத் தோலுக்குள்ளேயே இருக்கிற கொழுப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பெர்சிஸ் இதை ஷாப்பிலேயே கற்றிருந்தாள். ஆகவே தானே ஒன்று செய்யத் தொடங்கினாள். நுரைக்குப் பூந்திக்கொட்டைச் சாறும், தேங்காயெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்கிற ஒரு சாதுவான நுரைப்பானும். எடுத்த இடத்தில் திருப்பி வைக்க இலுப்பையெண்ணெய், தவிட்டெண்ணெய், செம்மறித் தோலைக் கழுவும்போது மிதக்கிற கம்பளிக் கொழுப்பு. புளிப்புக்கு எலுமிச்சை உப்பு. சனிக்கிழமை சாயங்காலம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதைக் கலந்து, தேய்க்காமல், குவளையால் ஊற்றி வடியவிடுவாள். நேசமலர் ஏழு வயதில் இருந்தபோது ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது என்றுதான் தோன்றியது, குழந்தை அழாமல் குளித்தது. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெர்சிஸ் வேதக்கோயிலுக்குப் போய் ஆராதனை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம் இருக்கும்.

நுரை கூடிவிட்டதென்று அடுத்த சனிக்கிழமைக்கு நுரையைக் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கொப்புளம் இருந்தது. புளிப்பு போதவில்லையென்று புளிப்பைக் கூட்டினாள், கொப்புளம் இருந்தது. கொழுப்பை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், பூந்திக்கொட்டை வாங்குகிற கடையை மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் போட்டு நீல அட்டை நோட்டில் எழுதினாள். இப்படியே இரண்டு வருடம், நூற்று மூன்று சனிக்கிழமை, நூற்று மூன்று எண். நூற்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்த கொப்புளம் புதன்கிழமை சீழ்வைத்தது, வியாழன் காய்ச்சல், சனிக்கிழமை விடியும்போது நேசமலர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கையுறையைக் கழற்றாமல் நின்றிருந்த பெர்சிஸ், "நூத்தி மூணு" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் நின்ற தவசீலன் அதைக் கேட்டான், சுவரைப் பார்த்தான்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, செய்வதற்கு வேறெதுவும் தெரியாததால், பெர்சிஸ் நூற்று நான்காவதைச் செய்தாள். அது அழுக்கை மட்டும் எடுத்தது, மற்ற எல்லாவற்றையும் விட்டுவைத்தது. அப்படி விட்டுவைத்ததில் தொடுதலும் இருந்தது.

சுலைகாவின் அத்தா கையை ஷாப்புப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் வந்து பார்த்தார்கள், நல்ல மனுசன் என்றார்கள், மறுநாள் ஆளுக்கொரு பாட்டிலோடு பெர்சிஸின் அறை வாசலில் நின்றார்கள். பெர்சிஸ் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் காலனியிலும், மசூதித் தெருவிலும், மேலத்தெருவிலும் குளியலறைக் கதவுகள் திறக்க நேரமாயிற்று. தனக்கு இத்தனை பேரா என்று சிலர் அழுதார்கள். எல்லாத் தொடுதலையும் தோல் வைத்துக்கொள்வதில்லை என்பதும், எதை வைத்துக்கொள்ளும் எதை விட்டுவிடும் என்று கேட்டால் அதற்குப் பதிலில்லை என்பதும் ஊருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. கட்டிய மனைவி இருபது வருடம் தடவிய நெற்றியில் ஒன்றும் காணோம், ஆனால் ஒருமுறை ரயிலில் விழாமல் பிடித்த முன்பின் தெரியாத ஒருவனின் பிடி கையில் அப்படியே இருந்தது. ஊர் ஆண்கள் பலருடைய பிடரியில் முடிவெட்டும் கணேசமூர்த்தியின் இரண்டு விரல் இருந்ததால், அதுவரை தலையை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தவர்கள் அவரைப் பார்த்து, "சாப்டீங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பது தாண்டிய எல்லாருடைய கணுக்காலிலும் ஒரே இரண்டு கைகள் இருந்தன, தலைகீழாகப் பிடித்த கைகள். அது காலனியில் இருந்து பிரசவம் பார்க்க வந்து, பார்த்து முடித்ததும் கொல்லைப்பக்கமாகவே அனுப்பப்பட்ட குப்பம்மாளின் கை. மேலத்தெருவில் சில பெரியவர்கள் அன்றிலிருந்து வேட்டிக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவளைப் புதைத்த இடத்தில் யாரோ ஒரு முழம் கனகாம்பரம் வைத்திருந்தார்கள்.

கன்னத்தில் ஐந்து விரலோடு சில பெண்கள் வெளியே வந்தார்கள். ஒரே ஒருத்திதான் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், இது பழசு, எந்த வருஷம் என்று எப்படி எழுதுவது என்றார் ஏட்டு, மறுநாள் பதினோரு பேர் போய் ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு சில வீடுகளில் பாட்டில் உடைந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்றும் தெரிந்திருந்தது: ஒருமுறை கழுவினால் மேலே இருக்கிற தடம் தெரியும், அடுத்தமுறை கழுவினால் அது போய்விடும், அதன் கீழே இருப்பது வரும். ஆகவே அடிவாங்கிய பெண்கள் விடாமல் கழுவினார்கள், ஒவ்வொரு அடியாக வந்து போயிற்று. இறந்தவர்களின் தொடுதல் கிடைத்தவர்கள் கருமியானார்கள், வருடத்துக்கு ஒருமுறை, நினைவு நாளில் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். சுலைகா அந்தத் தோளில் தண்ணீரே படாமல் குளித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கும் சற்குணத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அவர் வெளியூர் அனாதை ஹாஸ்டலில் வளர்ந்தவர், கல்யாணம் ஆகாதவர். மூன்றுமுறை கழுவியும் தோல் வெள்ளைத்தாளாக இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எப்படியோ பரவிவிட்டது, அன்றிலிருந்து டிரைவர்கள் நேரம் எழுதவரும்போது அவர் தோளில் ஒரு கை வைத்துவிட்டு எழுதினார்கள், பூக்காரப் பெண் சில்லறை கொடுக்கும்போது உள்ளங்கையை அழுத்திக் கொடுத்தாள்.

சுகாதார அதிகாரி ஒருவர் வந்து இரண்டு பாட்டில் எடுத்துப் போனார். தோலுக்குக் கேடில்லை, நுரை குறைவு என்று தாள் வந்தது.

இத்தனையிலும் பெர்சிஸ் ஒரு சொட்டுக்கூடத் தன்மேல் ஊற்றிக்கொள்ளவில்லை, தவசீலனும் ஊற்றிக்கொள்ளவில்லை. அவன் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், விரலால் தடவியே தோலில் எங்கே பழுது என்று சொல்கிறவன், அதிகம் பேசாதவன், கடைச் சோப்பிலேயே குளித்துக்கொண்டிருந்தான். அவர்கள் இருவரும் ஏன் கழுவுவதில்லை என்று ஊருக்குத் தெரிந்ததாக ஊர் நினைத்துக்கொண்டது, அந்தக் குழந்தையைத் தொடத்தான் முடியாதே, என்ன இருக்கப்போகிறது பாவம் என்று.

அறுப்பின் பண்டிகை அன்று, கோயில் வாசலில் பூசணியும் கரும்பும் அடுக்கியிருந்த இடத்தில், ஷாப்புப் பெண்கள் சேர்ந்து பெர்சிஸுக்கு ஒரு சேலை கொடுக்க வந்தார்கள். சுலைகாவும் முக்காடோடு வந்திருந்தாள். நேசமலர் போனதற்குப்பிறகு பெர்சிஸ் கோயிலுக்குள் போவதில்லை, பெண்கள் கூப்பிட்டதால் வாசல்வரை வந்திருந்தாள், பின்னால் தவசீலன் நின்றான்.

"எங்க அத்தாவ நீங்கதான் மேடம் எனக்குக் குடுத்தீங்க" என்று சுலைகா சேலையை நீட்டினாள்.

பெர்சிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் சுலைகா. இதே தண்ணிதான் என் புள்ளையக் கொன்னுது. நூத்திமூணு தடவை தப்பா செஞ்சேன், கடைசித் தப்புல அவ போயிட்டா. அவ போனப்புறம் சரியா வந்துருக்கு. இதுக்குப் போய் சேலையா."

சொல்லும்போது குரல் உயரவில்லை, ஷாப்பில் தொட்டியின் காரக்கணக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். பெண்கள் சேலையை மடித்து வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தவசீலன் நேரே குளியலறைக்குள் போனான். அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது, பிறகு நின்றது.

"பெர்சி" என்று கூப்பிட்டான். "இங்க வா. என் முதுகைப் பாரு."

அவள் போய் கதவருகே நின்று பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். முதுகு முழுக்க, சரியாகத் துடைக்காத சிலேட்டுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடின, எல்லாம் ஒரு சின்ன விரல் நுனியின் அகலம். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று எழுதியதுபோலத் தெளிவாக ஒரே ஒரு எழுத்து நின்றது. பா.

பெர்சிஸுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அவள் கேட்டது, "எப்போ?" என்பது மட்டும்.

"ஞாயித்துக்கிழமை. நீ ஆராதனைக்குப் போனப்புறம்." அவன் திரும்பவில்லை. "எழுதணும்னு நின்னா நம்ம புள்ள. எல்லாப் புள்ளைங்களும் எழுதுதே, நான் மட்டும் ஏன் பாத்துக்கிட்டே இருக்கணும்னா. பென்சில் புடிக்க முடியாதில்ல. முதுகுல தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு உக்காருவேன், அவ விரல் வழுக்கிக்கிட்டுப் போகும், அவ்வளவா உரசாதுன்னு நெனச்சேன். வாரத்துக்கு ஒரு எழுத்துன்னு பேசிக்கிட்டோம். நான் கண்டுபிடிக்கணும். அதுதான் ஆட்டம்."

"கொப்புளம்."

"வந்துச்சு. முதல் வாரமே வந்துச்சு. வேணாம்மான்னேன். அடுத்த சனிக்குள்ள ஆறிடுமேப்பான்னா. ஆறிடுச்சு."

"நான் நுரையை மாத்தினேன்" என்றாள் பெர்சிஸ்.

"தெரியும்."

"முப்பத்தேழாம் நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. அவ அதுல பாடிக்கிட்டே குளிச்சா. மறுநாள் கொப்புளத்தைப் பாத்துட்டு அதைத் தூக்கி ஊத்தினேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில நான் நூத்திமூணுன்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லிருக்கலாம். ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு. தினமும் நான்தான் கொன்னேன்னு எந்திரிக்கிறேன், நீங்க காப்பி போட்டுக் கொண்டாந்து மேஜையில வைக்கிறீங்க."

"வாயைத் தொறந்தா வரல பெர்சி" என்றான். "இன்னிக்குக்கூட வாயால வரல."

பெர்சிஸ் அன்றே ஒரு பையில் துணியும் நீல அட்டை நோட்டும் எடுத்துக்கொண்டு குடியாத்தத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டுக் குளியலறையில் முதன்முதலாகத் தன் உடம்பில் நூற்று நான்காவதை ஊற்றிக் கழுவினாள். இறந்துபோன அம்மாவின் கை நெற்றியில் வந்தது. தவசீலன் பெண் பார்க்க வந்த அன்று டம்ளரை வாங்கும்போது தெரியாமல் பட்ட விரல் வந்தது. கழுவக் கழுவ, சின்ன வயதில் ஊஞ்சலில் தள்ளிய அக்காவின் இரண்டு உள்ளங்கையும் முதுகில் வந்தன. நேசமலர் எங்கும் இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். அவள் சொன்ன சொல்லைக் குழந்தை ஒருநாளும் மீறவில்லை. யார்மேலும் சாயாதே என்று சொன்னாள், சாயவில்லை.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு, பெர்சிஸ் திரும்பி வந்தாள். தவசீலன் கதவைத் திறந்து நின்றான். அவள் உள்ளே வந்து பையை வைத்தாள்.

"அந்த எழுத்து எந்த வார்த்தையோடது?"

"தெரியல. நான் 'ப'ன்னேன். இல்லைப்பா, கால் இருக்கு, நீ கவனிக்கலன்னு சொன்னா. பாட்டா, பாலா, பாம்பா, என்ன எழுதப்போறேன்னு கேட்டேன். அடுத்தடுத்த வாரம் தெரியும்னு சொல்லிச் சிரிச்சா."

"சட்டையக் கழட்டுங்க."

"கழுவினா இது போயிடும் பெர்சி."

"படிக்காம வெச்சு என்ன செய்யப்போறோம்" என்றாள்.

அவன் தரையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பெர்சிஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நூற்று நான்காவதைக் கலந்தாள், கையுறையை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். ஒன்பது வருடத்துக்கும் மேலாக யாரையும் தொடாத கையால் அவன் முதுகைக் கழுவினாள். மன்னித்துவிட்டாள் என்று அவன் நினைத்திருந்தால் அது தவறு. அவன் தோள் லேசாக நடுங்கியபோது, "அசையாதீங்க, படிக்க முடியல" என்றாள். 'பா' மெல்ல மங்கிக் கரைந்தது. அதன் கீழே இருந்தது 'டு'. நீல அட்டை நோட்டில், நூற்று நான்கு என்ற எண்ணுக்கு அடுத்த பக்கத்தில், அதை எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஷாப்பில் சுலைகா கேட்டாள், "இன்னா எழுத்து வந்துச்சு மேடம்?" முதுகில் எழுதியிருக்கிற கதை அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. பெர்சிஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், வேலூர் வண்டி திருப்பத்தூர் வண்டி நேரமெல்லாம் எழுதியிருக்கும் கரும்பலகையின் கீழ் ஓரத்தில், சற்குணம் சாக்பீஸால் 'டு' என்று எழுதினார். குழந்தை முதலில் எழுதியது கடைசியில்தான் வரும் என்பதால் வலது ஓரத்தில் எழுதி இடப்பக்கம் இடம் விட்டிருந்தார். அடுத்த வாரம் அதற்கு முன்னால் 'ஆ' வந்தது, பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் ஆடு என்று படித்தது, தோல் ஷாப் ஊரில் பிறந்து ஜன்னல் வழியாக லாரியில் போகும் ஆட்டை மட்டுமே பார்த்த பிள்ளை வேறு எதை எழுதும் என்று ஒரு கிழவர் சொன்னார்.

அப்படி அந்தக் குழந்தை இரண்டு வருடம் போன வழியிலேயே ஊர் இரண்டு வருடம் திரும்பி நடந்தது. ஞாயிறு ஒரு எழுத்து, திங்கள் கரும்பலகை. ரயில் வந்தது. காக்கா வந்தது. மிட்டாய் என்று எழுதியிருந்தாள், அதற்கு நான்கு வாரம், நான்கு கொப்புளம். அடுத்து என்ன வரும் என்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாள் என்றார்கள், பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா என்று பெர்சிஸிடம் கேட்டவர்களிடம் அவள், "எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்" என்றாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்கள் உண்டு. பெர்சிஸும் தவசீலனும் வாரம் முழுவதும் ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருந்தார்கள், தேவைக்குப் பேசினார்கள், காப்பி மேஜையில்தான் வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் அவள் கை அவன் முதுகில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் 'மா' என்று வந்தது. மாடு என்று இருக்க முடியாது, 'டு' பின்னால் இல்லை. வேறு எதன் முடிவோ. பலகையைப் பார்த்து நின்ற பெண்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு 'ம்' வந்தது. அந்த வாரம் ஷாப்பில் பெர்சிஸின் அறைக்கு வெளியே எதற்கோ வந்ததுபோல வந்து போனவர்கள் நிறைய. அதற்கடுத்த ஞாயிறு பெர்சிஸ் தண்ணீரைக் கலந்து வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர் ஆறிவிட்டது. மறுபடியும் சுடவைத்தாள்.

"நான் கழுவிக்கட்டுமா?" என்று தவசீலன் கேட்டான்.

"வேணாம்."

'அ' வந்தது. மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுழியை இரண்டுமுறை சுழித்து எழுதியிருந்தாள்.

"இத எழுதினப்போ ரெண்டு தடவை ஏன் சுத்துறேன்னு கேட்டேன்" என்றான் அவன். "அம்மாவுக்கு நல்லா வரணும்ப்பான்னா. அன்னிக்குக் கொப்புளம் பெருசா இருந்துச்சு. நீ இலுப்பையெண்ணெயை நிறுத்தினியே, அந்த வாரம்."

பெர்சிஸ் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே தெரியும் என்பதுபோல மூடி வைத்தாள். "எங்கிட்ட வந்து எழுதிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "கையத் தட்டி விட்டிருப்பேன்."

"அவளுக்குத் தெரியும்" என்றான் தவசீலன்.

திங்கட்கிழமை சற்குணம் 'அ' எழுதியபோது சாக்பீஸ் உடைந்தது, இன்னொன்று எடுத்து எழுதினார். அந்த மூன்று எழுத்தை மட்டும் அதன்பிறகு யாரும் துடைக்கவில்லை, வண்டி நேரங்கள் அதைச் சுற்றி நெருக்கி எழுதப்பட்டன.

எழுத்துகள் கீழே போகப் போகக் கோணலாயின. ஏழு வயதின் கை. 'ழ' தலைகீழாக இருந்தது, 'க' குறுக்குக்கோடு இல்லாமல் நின்றது. முதுகில் மங்கலாகத் தெரிந்த கோடுகள் குறைந்து குறைந்து, வெறும் தோல் கூடிக்கொண்டே வந்தது. அதற்குள் ஊரிலும் பாட்டில்கள் தூசிபடிய ஆரம்பித்திருந்தன. பலருக்குக் கழுவி முடிந்துவிட்டது, சிலர் கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். கன்னத்தில் விரல்களோடு பெஞ்சில் உட்கார்ந்த பெண்களுக்குக் கன்னம் சுத்தமாகிவிட்டது, புதிதாக ஒன்றும் விழவில்லையா என்று ஏட்டு அவ்வப்போது போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

நூற்று மூன்றாவது ஞாயிறு வந்தது. அதற்கு முந்தைய வாரம் 'அ' வந்திருந்தது, கோணலான, பிழையான, முதல் எழுத்து. முடிந்துவிட்டது என்றுதான் தவசீலன் நினைத்தான். முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான், அதற்குமுன் எதுவும் எழுதவில்லை என்றான். ஆனாலும் கோயில் மணி அடித்ததும் இருவரும் பழக்கத்தில் ஜன்னலருகே வந்தார்கள், அவன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான், அவள் கழுவினாள். 'அ' போயிற்று. முதுகு வெறுமையாயிற்று. பெர்சிஸ் துண்டை எடுத்தாள், எடுத்தவள் நின்றாள்.

இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. ஒரு மிளகு அளவு.

"ஒண்ணு இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

அவள் சொல்லவில்லை. அவன் யோசித்தான், யோசித்து யோசித்து, தானே மறந்திருந்த ஒன்றை எடுத்தான். "ஆமா. அதுக்கு முந்தின வாரம். எழுதுடான்னு உக்காந்தேன். விரல வெச்சா. வெச்ச உடனே எடுத்துட்டா. என்னடான்னேன். வலிக்குதா, வேணாம்னா வேணாம் விடுன்னேன். இல்லப்பா, சூடா இருக்கே நீ, அப்படின்னா. வேற யாரையும் தொட்டதில்லையா, மனுசங்க சூடா இருப்பாங்கன்னு தெரியல அவளுக்கு."

வெளியே ஆராதனை முடிகிற பாட்டு கேட்டது. பெர்சிஸ் துண்டைக் கீழே வைத்தாள். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, அந்தப் புள்ளியின்மேல் வைத்தாள். தோல் சூடாகத்தான் இருந்தது.

விரல் நகரும் என்று தவசீலன் காத்திருந்தான். மேலே போகுமா, வளையுமா, என்ன எழுத்தாக இருக்கும் என்று இரண்டு வருடம் உட்கார்ந்த மாதிரியே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் நகரவில்லை. எடுக்கவும் இல்லை.

"புள்ளி" என்றான் கடைசியில்.

"சரி" என்றாள் பெர்சிஸ்.